எதிரே உட்கார்ந்தவள்

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் என் கணவர் ரயில்வே ஆபீசுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் திறக்கும். அதற்குள் நான் சமையலை முடித்து, பாத்திரம் கழுவி, தெருக்குழாயில் நாலு குடம் பிடித்து வைத்திருப்பேன். மைசூர் மண்டி மொஹல்லாவில் நாங்கள் இருந்த சந்து ஒரு கைவண்டி போகிற அகலம்தான். அந்தச் சந்துக்கு ஏற்ற வீடு, வீட்டுக்கு ஏற்ற கூடம், கூடத்துக்கு ஒரே ஜன்னல். அதன் வழியாக விழுகிற வெளிச்சம் ஒரு பாய் அகலத்துக்கு மேல் போகாது. அந்தப் பாய்தான் பள்ளிக்கூடம். வாத்தியாரும் நான்தான், மணியடிக்கிற ஆளும் நான்தான். மாணவன் என்று சேர்த்துக்கொண்டது ஒருவனை மட்டும், என் ஐந்து வயது மகனை.

பிள்ளைகளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை என்று அக்கம்பக்கத்தில் கேட்காதவர்கள் இல்லை. காரணத்தைச் சொன்னால் பிறகு கேட்கமாட்டார்கள். எங்களுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்த்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, தொண்டையில் அடைப்பு வந்து நாலே நாளில் போய்விட்டான். அவனோடு ஒரே பலகையில் உட்கார்ந்த இன்னும் இரண்டு பிள்ளைகளும் போயின. அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து கால்கூடக் கழுவாமல் என் கணவர் சொன்னார், இனி என் பிள்ளை எதுவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காது என்று. நானும் ஆமாம் என்றேன். அப்போது எனக்கு மகள் மூன்று வயதுக்காரி, மகன் கைக்குழந்தை. அவர்களையாவது மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அவர் சேலத்துப் பக்கத்திலிருந்து உத்தியோகத்துக்காக மைசூர் வந்தவர். தமிழும் இங்கிலீஷும் படிப்பார், கன்னடம் பேசுவாரே தவிர ஓர் எழுத்து தெரியாது. நான் இங்கேயே பிறந்தவள். என் அப்பா ரயிலில் கார்டு வேலை பார்த்தார். நாலாவது வரை கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். மைசூரில் கன்னடம் படிக்காமல் எந்த வேலையில் போய் உட்காருவது? அதனால் பாடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாலாவது படித்தவள் என்கிற கர்வமும் எனக்குக் கொஞ்சம் உண்டு. வீட்டில் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்றால் சும்மாவா? விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பி, மகனின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தேன். ஏழு வயது மகள் பக்கத்தில் நின்று கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு தாம்பாளம் பரப்பலாம் என்று எங்கள் இருவரில் யாருக்கும் தோன்றவில்லை.

புத்தகம் ஒன்றே ஒன்று, மூத்தவன் விட்டுப்போனது. புதிதாக வேறு வாங்க எனக்கு மனசு வரவில்லை. நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். மகன் என் இடுப்போடு ஒட்டி உட்காருவான். எங்கள் இருவருக்கும் முன்னால் புத்தகம் விரிந்திருக்கும். மகளைச் சும்மா உட்கார வைப்பானேன் என்று எதிரே உட்கார வைத்து ஒரு முறத்தைக் கொடுத்துவிடுவேன். அரிசியில் கல் பொறுக்குவாள், பூண்டு உரிப்பாள், குளிர் காலத்தில் மணிக்கணக்காக அவரைக்காய் உரிப்பாள். வேலை நன்றாக நடந்தது, பாடம்தான் நடக்கவில்லை. மகனுக்கு எழுத்தென்றால் வேப்பங்காய். ஓட்டுக்கு மேலே குருவி வந்தால் போதும், அன்றைய பாடம் முடிந்தது. நான் கத்துவேன், குட்டுவேன், பிறகு அவன் அழுவதைப் பார்த்து எனக்கே அழுகை வரும். மூத்தவன் முகம் அவனுக்கு. ஓங்கிய கையை அந்த முகத்துக்கு முன்னால் எத்தனை நாள் இறக்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

இரண்டாவது மார்கழியில் ஒரு நாள். அவரைக்காய் வாசனை கூடம் முழுக்க. மகன் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரமாக முழித்துக்கொண்டிருந்தான். நான் குட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். எதிரிலிருந்து மகள், உரிப்பதை நிறுத்தாமல், "கொக்கரெ" என்றாள். நாரைக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். பக்கத்தில் படமும் இல்லை. நான் சொல்லிக் கேட்டு மனப்பாடமாகியிருக்கும் என்று நினைத்து, இன்னும் தொடாத ஒரு பாடத்தைத் திருப்பி வைத்தேன். ஒரு கையில் அவரைக்காயோடு அந்தப் பக்கம் முழுவதையும் கடகடவென்று படித்தாள். புத்தகத்தை எடுத்து அவளிடம் நேராக நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், கண்ணைச் சிமிட்டினாள், பிறகு நிதானமாகத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள்.

ஒன்றேகால் வருஷமாக அவள் எதிரிலிருந்தே பார்த்திருக்கிறாள். அவளுக்கு எழுத்து என்றால் அதுதான், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிற எழுத்து. சிலேட்டுப் பலகையில் எழுதச் சொன்னேன். எனக்குப் பார்க்க வாகாக, அவள் பக்கத்திலிருந்து தலைகீழாக, அச்சடித்ததுபோல் எழுதினாள். நான் சிரித்தேன். மகன் பாயில் உருண்டு சிரித்தான். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கே அவளை எழுப்பி என் இன்னொரு பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் பத்து நாளில் சரியாகியிருக்கும். இதை நான் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். உட்கார வைக்கவில்லை. ஒரு பக்கத்தில் மகன் ஒட்டிக்கொண்டிருப்பான், இன்னொரு பக்கம் ஜன்னல் வெளிச்சத்துக்கு வேண்டும். முறத்தை வைத்துக்கொண்டு உட்கார எதிர்ப்பக்கம்தான் தோது. அதைவிடப் பெரிய காரணம், அவள் படித்த விதம் எனக்குப் பெருமையாக இருந்தது. வேறு யார் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்கிற எண்ணம்.

அடுத்த தசராவுக்குச் சேலத்திலிருந்து அவர் தம்பி குடும்பமும் அத்தை குடும்பமும் வந்து பத்து நாள் தங்கினார்கள். மைசூரில் வீடு இருப்பவர்களுக்கு அந்தப் பத்து நாள் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. யானை பார்க்க, விளக்கு பார்க்க என்று போன நேரம் போக மிச்ச நேரத்துக்கு எங்கள் மகள்தான் வேடிக்கை. புத்தகத்தைத் தலைகீழாக வைத்துப் படிக்கச் சொல்வார்கள். ஜவுளிக்கடை நோட்டீசைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். படித்ததும் கை தட்டுவார்கள். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று பார்ப்பேன். ஒரு தடவை நானே, இன்னும் வேகமாகப் படித்துக் காட்டு என்று சொன்னேன்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் மகள் ஆரம்பித்தாள். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அதன் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் அவள் நடை மெதுவாகிவிடும். பின்னால் வருகிற எனக்காகக் காத்திருக்கிற மாதிரி நிற்பாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு உங்ககிட்ட இருக்கறது எல்லாம் தீர்ந்து போச்சு. நான் அங்க போகட்டுமா?"

அவள் சொன்னது நிஜம். நான் நாலாவதில் படித்த கணக்கெல்லாம் அவளிடம் தீர்ந்துபோயிருந்தது. பின்னக் கணக்கில் அவள் கேட்ட ஒரு சந்தேகத்துக்கு, பெரியவளானால் தெரியும் என்று சொல்லித் தப்பித்திருந்தேன். மளிகை சுற்றி வருகிற காகிதம் ஒன்றை விடமாட்டாள். தரையில் பரப்பி, தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து படிப்பாள். ஒரு பிள்ளைக்குப் பசிக்கிறது, பானையில் சோறு இல்லை என்றால் தாய்க்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். முடியாது என்றார். மறுநாளும் சொன்னேன். சாப்பாடு பரிமாறும்போது சொன்னேன், வெற்றிலை மடிக்கும்போது சொன்னேன். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், பிடித்தால் விடமாட்டேன், ஆனால் விடக்கூடாத இடத்தில் விட்டுவிடுவேன். நாலு மாதம் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், பரீட்சை வைத்து மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் அனுப்பலாம், அதற்குக் கீழே என்றால் வேண்டாம், குட்டிக் குழந்தைகள் நெருக்கியடித்து உட்காருகிற வகுப்பில்தான் நோய் வருகிறது என்றார். அதில் அவருக்கு இருந்தது பயம்தான் என்று அன்றைக்கு நம்பினேன். பாதி பயம் என்று இப்போதும் நம்புகிறேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் புத்தகத்தை நேராக வைத்துப் படிக்கச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். வலது கையால் சாப்பிட்டுப் பழகியவளை இடது கையால் சாப்பிடச் சொன்னதுபோல ஆயிற்று. கடகடவென்று படித்தவள் எழுத்துக் கூட்டினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள், நான் நிமிர்த்துவேன். கழுத்தை வளைத்துக் குனிவாள், நான் அதட்டுவேன். நெற்றிப் பொட்டு வலிக்கிறது என்று அழுவாள். இன்னும் வேகமாகப் படி என்று சொன்ன வாயாலேயே, இதென்ன அசிங்கமான பழக்கம் என்று திட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. மூன்று வாரத்தில் நேராக வைத்து ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிற அளவுக்கு வந்தாள். போதும், நல்ல மனசுக்காரர்களாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை நல்ல மனசுக்காரர்தான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். நாற்பது வயதிருக்கும், கன்னடக்காரர், வெள்ளைப் புடவை, மெதுவான குரல். மகளைத் தன் மேஜைக்கு எதிரே நிற்கச் சொன்னார். என் கணவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். ஆசிரியை மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துத் தன் முன்னால் விரித்து, எந்தப் பாடத்தைக் கொடுக்கலாம் என்று புரட்டினார். அவர் ஒரு பக்கத்தில் நிறுத்திய உடனே, புத்தகம் தன் கைக்கு வரும் வரை காத்திருக்காமல், மகள் எதிரிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு தடங்கல் இல்லை. ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். அப்படியே விட்டுவிடு தாயே என்று அந்த அம்மாளை மனசுக்குள் கும்பிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்பி மகளிடம் நீட்டினார், அடுத்த பாராவை உன் கையில் வைத்துப் படி என்று. மகள் வாங்கினாள். நான் என்னென்ன சொல்லி அனுப்பினேனோ அத்தனையும் அவள் கை மறந்துவிட்டது. அது புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பியது. ஆசிரியை எழுந்து வந்து நேராக்கி வைத்தார். மகள் முதல் எழுத்தில் நின்றாள், இரண்டாவதுக்கு வந்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஆசிரியை தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பலகையில் எழுதச் சொன்னார். பதற்றத்தில் அவள் தனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய்தாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் படிப்பதற்கு வாகாக, ஒரு பிழை இல்லாமல், ஐந்து வரியையும் தலைகீழாக எழுதி வைத்தாள்.

இதைக் கற்றுக் கொடுத்தது யார் என்று ஆசிரியை கேட்டார். நான்தான் என்றேன். எப்படி என்று சொன்னேன். சொல்லும்போதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதில் விழுந்தது. தம்பி பக்கத்தில், இவள் எதிரில் முறத்தோடு. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை கெட்டிக்காரி, ஆனால் இதையெல்லாம் மறக்கடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு வருஷம் ஒன்றாம் வகுப்பில் உட்காரட்டும், பிறகு ஒரே தாவாக மூன்றாவதில் போடுகிறேன், என் பொறுப்பு என்று கன்னடத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். ஒன்பது முடிந்த பெண், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் பார்க்க நன்றாக இருக்காது, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். நோயைப் பற்றி அவர் அங்கே பேசவே இல்லை. ஆசிரியை அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"நீவேன் ஹேள்தீரம்மா?"

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். என் வாழ்க்கையில் ஓர் அந்நிய மனுஷி, என் புருஷன் நிற்கும்போது, என் அபிப்பிராயத்தைக் கேட்டது அந்த ஒரே தடவை. ஒரு வருஷம்தானே, உட்காரட்டும் என்று சொன்னால் போதும். நாலு மாதம் சண்டை போட்டவளுக்கு அது பெரிய வார்த்தையா? மகள் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, "அவரு ஹேளிதஹாகே" என்றேன். அவர் சொன்னபடியே ஆகட்டும் என்றேன்.

திரும்புகிற வழியில் என் கணவர் ஜட்காவை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு வளையல்காரனிடம் அவளுக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டிப் போட்டுக்கொண்டாள். எனக்கு அந்த வளையல்காரன் மேலேயே ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து வாசல்படி ஏறும்போது மட்டும், "நான் தப்பா படிக்கலையேம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு அவள் பாய்ப் பக்கம் வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார் என்று அடுத்த நாளே கூப்பிட்டேன், இப்போது இடம் தாராளமாக இருந்தது. அடுப்பில் பருப்பு இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அடுத்த நாள் வேறு வேலை இருந்தது. வேலையைக் கற்றுக் கொடுத்ததும் நான்தானே, அதில் அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. மகனுக்குப் பாடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. எதிர்ப்பக்கம் காலியாக இருக்க, இங்கே ஒருவனை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? நாலைந்து மாதத்தில் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டேன். மகனுக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

இரண்டு வருஷம் போயிற்று. ரயில்வேயில் பிள்ளைக்கு ஒரு வேலை வேண்டுமானால் பள்ளிக்கூட சர்டிபிகேட் இல்லாமல் ஆகாது என்று ஆபீசில் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்று மாலை என் கணவர் வீட்டுக்கு வந்து, மகனைச் சேர்த்துவிடலாம் என்றார். நோய் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். அங்கே புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள், இவன் நேராகத்தான் பிடித்திருக்கிறான், ஆனால் நாலு வார்த்தைக்கு மேல் நகரவில்லை. ஒன்றாம் வகுப்பில்தான் போட முடியும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"ஒண்ணாவதுல போட்டிருக்காங்க. அதனால என்ன, ஆம்பளப் பையன், எட்டிப் பிடிச்சிடுவான்."

நான் காபியைக் கொண்டுபோய் வைத்தேன். மகள் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள் என்று தெரியும்.

திங்கட்கிழமை காலையில் அவர் சீக்கிரமே ஆபீசுக்குப் போய்விட்டார். மகனைக் கொண்டுபோய் விடுகிற வேலை மகளுக்கு. நான் அவனுக்குத் தலை வாரினேன். அவள் அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பித்தானைப் போடும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா, இவனுக்கு ஒம்பது முடிஞ்சிடுச்சு இல்ல?"

ஆமாம் என்றேன்.

"ஒண்ணாவதுல எல்லாம் குட்டிப் பசங்கதானே இருப்பாங்க?"

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பின்னக் கணக்கைக் கேட்டபோது எப்படிக் கேட்டாளோ அப்படியே. நேரமாகிறது, கூட்டிக்கொண்டு போ என்றேன். அவள் எழுந்து அவன் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வருஷம் முழுக்க அவள்தான் தினமும் அவனைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.